பாதிக் கிணறு

அன்று ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்று பத்து. ஐப்பசி பிறந்தும் மழை பிடிக்கவில்லை. வானம் மூடிக்கொண்டு கிடந்தது, காற்று அசையவில்லை, உடம்பெல்லாம் கசகசவென்று இருந்தது. நேரம் எப்படி இவ்வளவு திட்டமாகத் தெரியும் என்று நினைப்பீர்கள். இதோ இந்தக் கூடத்தில், அந்த ஆணி தெரிகிறதல்லவா, அதில்தான் அப்போது குடியிருந்தவர்களுடைய கடிகாரம் மாட்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் கொல்லைப்புறம் போனேன். காவல் நிலையத்தில் கேட்டபோதும் இதையேதான் சொன்னேன். எழுதிக்கொண்டவர் பதினொன்று என்று மட்டும் எழுதினார். பதினொன்று பத்து என்று திருத்தச் சொன்னேன்.

உட்காருங்கள் அம்மா. உங்கள் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு நிதானமாக வரட்டும். தெருவில் ஏதோ சொன்னார்கள் என்றீர்களே, அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். இதற்கு முன் வந்தவர்கள் அதைக் கேட்டுவிட்டு வாசலோடு திரும்பிவிட்டார்கள். நீங்கள் உள்ளே வந்தீர்கள். படித்தவர் என்று பார்த்தவுடனே தெரிகிறது. எதையும் மறைத்து வீட்டை வாடகைக்கு விடும் பழக்கம் எனக்குக் கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், பிறகு நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் பேசுவது பாடப்புத்தகம் வாசிப்பதுபோல் இருக்கிறதென்று எங்கள் ஆசிரியர் அறையில் கேலி செய்வார்கள். மேல்நிலை வகுப்புக்குத் தாவரவியல் நடத்துகிறேன். ஒரு சொல் மாறினால் வேறொரு செடியாகிவிடும். அந்தப் பழக்கம் நாக்கில் தங்கிவிட்டது.

இது நான் வாங்கிய முதல் வீடு. நாங்கள் குடியிருப்பது என் கணவருடைய பூர்வீக வீடு. அதில் ஆணி அடிப்பதென்றாலும் அவருடைய அண்ணனைக் கேட்க வேண்டும். இது அப்படியல்ல. என் பெயரில், என் சம்பளத்தில், வாடகைக்கு விடுவதற்கென்றே வாங்கியது. தரகர் கோவிந்தராஜு இந்தக் குளத்தங்கரைச் சந்தில் வீடு காட்டவே தயங்கினார். வரும்போது பார்த்திருப்பீர்கள். இந்தப் பக்கமும் ஆளில்லை, அந்தப் பக்கமும் ஆளில்லை, எதிர்வரிசையும் அப்படித்தான். ஓடு சரிந்த கூரை, உள்ளே எருக்கும் ஆமணக்கும், பொழுது சாய்ந்தால் பாட்டிலோடு வந்து உட்காருகிறவர்கள். “டீச்சர், இங்க அக்கம்பக்கம்னா பாம்பும் வவ்வாலுந்தான். ரெண்டும் வம்புக்கு வராது, ஆனா வாடகைக்கும் ஆள் வராது” என்றார் கோவிந்தராஜு.

நான் வேறு விதமாக யோசித்தேன். அண்டை வீட்டார் இல்லையென்றால் அண்டை வீட்டுச் சண்டை இல்லை. குப்பை யாருடையது, வண்டியை எங்கே நிறுத்துவது என்ற பேச்சே எழாது. அதோடு, சும்மா கிடக்கும் வீடு என்றைக்காவது விற்பனைக்கு வந்துதானே தீர வேண்டும்? அப்போது பக்கத்தில் இருப்பவர்தான் முதலில் கேட்க முடியும். வலப்பக்கத்து வீட்டை நான் மனத்தில் குறித்து வைத்திருந்தேன். அதன் உடைமைக்காரர்கள் மும்பையில் இருக்கும் சகோதரர்கள். அவர்களுக்குள் பாகப்பிரிவினை வழக்கு. ஒருவரும் ஊர்ப்பக்கம் வருவதில்லை. இதில் தப்பொன்றும் இல்லையே?

கொல்லையில் கிணறு. இந்தப் பகுதியின் பழைய வீடுகளில் இதுதான் வழக்கம்: இரண்டு வீட்டுக்கு ஒரு கிணறு, எல்லைச் சுவர் கிணற்றுக்கு நடுவிலேயே குறுக்காகப் போகும். கிணற்று வாயின் மேல் கருங்கல் தூலம் போட்டு, அதன்மீது சுவரை எழுப்பியிருப்பார்கள். இந்த வீட்டுப் பெண்களுக்கு இந்தப் பாதி, அந்த வீட்டுப் பெண்களுக்கு அந்தப் பாதி. ஆளுக்கொரு சகடை, ஆளுக்கொரு கயிறு, ஆளுக்கொரு வாளி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே தண்ணீர் சேந்திக்கொள்ளலாம். கீழே தண்ணீர் மட்டும் ஒன்றுதான். பத்திரத்திலும் பாதிக் கிணறு, பாதிச் சுவர் என்றே இருக்கிறது.

பத்திரம் முடிந்த அந்த வாரமே என் பாதிக்கு இரும்புக் கம்பியில் மூடி செய்து போட்டேன். குழந்தை குட்டி உள்ளவர்கள் குடிவரலாம் அல்லவா? மும்பைக்காரர்களின் பாதி திறந்தே கிடந்தது. அதை மூட எனக்கு உரிமையில்லை.

முதலில் வந்த குடித்தனம் இளவழகனும் தேன்மொழியும்தான். அவன் பேனர் கட்டுகிறவன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எதுவானாலும் சாரத்தில் ஏறி உச்சியில் கட்டிவிட்டு இறங்குவான். அவள் வீட்டிலிருந்தபடி ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக் கொடுப்பாள். தாய் தகப்பன் இல்லாத பெண். ஆக்கூர்ப் பக்கம் ஓர் அண்ணன் மட்டும். நல்ல குடித்தனம், அதை நான் எங்கேயும் சொல்வேன். அவள் கொல்லைப்படிவரை பெருக்கித் துடைத்து வைத்திருப்பாள். பெரியாஸ்பத்திரி நடக்கிற தூரத்தில் இருக்கிறதென்பதால் அவளுக்கு இந்த வீட்டின்மேல் ஒரு பிடிப்பு. கருவுற்ற பிறகு அந்தப் பிடிப்பு இன்னும் கூடியது. பிரசவத்துக்குப் போகத் தாய்வீடு இல்லை. வலி கண்டால் இங்கிருந்தே நடந்து போய்விடலாம் என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

இப்போது மரத்துக்கு வருகிறேன்.

அந்தக் குறுக்குச் சுவரின் மேல், சரியாகக் கிணற்றுக்கு மேலே, ஓர் அரசங்கன்று. ஏதோ பறவையின் எச்சத்தில் வந்த விதை. நான் வீட்டை வாங்கும்போது கையகலம் இருந்தது. பிறகு ஆள் உயரம் ஆகிவிட்டது. வேர் சுவருக்குள்ளேயே ஓடி, சமையலறை மூலைவரை வந்து, சுண்ணாம்புக் காரையைப் பிளந்துகொண்டிருந்தது. தூறல் விழுந்தாலே அந்த மூலை ஊறியது. அடுப்பை இடம் மாற்றிவைத்துக்கொண்டதாகத் தேன்மொழி சொன்னாள். மழைக்காலத்துக்குள் ஏதாவது செய்யாவிட்டால் சுவர் என் பக்கம் சாயும் என்று எனக்குப் பட்டது.

நகராட்சிக்கு ஒரு மனு எழுதலாமே என்றார் என் கணவர். தபால் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கெடுத்தாலும் எழுதலாமே என்பார். எழுதினால் என்ன ஆகும்? ஆபத்தான கட்டடம் என்று நோட்டீஸ் ஒட்டுவார்கள். ஒட்டினால் மும்பைக்காரர்கள் கிளம்பி வருவார்கள். வந்தால் செப்பனிடுவார்கள், அல்லது வேறு யாருக்காவது தள்ளிவிட்டுப் போவார்கள். கோவிந்தராஜு சொன்னதுதான் சரியாகப் பட்டது. “நீங்க சும்மா இருங்க டீச்சர், அது தானா கனியும்” என்றார்.

கூலிக்கு ஆள் பார்க்காமலும் இல்லை. ஒருவன் அரசமரத்தில் கை வைக்க மாட்டேன் என்றான். இன்னொருவன் பூசை போட்டு, கோழி அறுத்து, பிறகுதான் தொடுவேன் என்றான். தாவரவியல் படித்த நான் ஒரு செடிக்குக் கோழி அறுப்பதா? அதோடு வக்கீலும் ஒன்று சொல்லியிருந்தார். வழக்கில் உள்ள சொத்து; நான் ஆள் வைத்துச் செய்தால் நான் அத்துமீறியதாகும். குடியிருப்பவர் தம் வசதிக்காக ஒரு செடியைப் பிடுங்கிப் போட்டால் அது வேறு விஷயம். இளவழகன் உயரத்தில் ஏறிப் பழகியவன். அவனிடம் சொன்னேன்.

தேன்மொழிதான் மறுத்தாள். இங்கேதான், இந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். “வேணாம் டீச்சர். வயித்துல புள்ள இருக்கயில இவரு மரத்த வெட்டக் கூடாது, செவுத்துல கடப்பாரை போடக் கூடாது. புள்ள பொறக்கட்டும். பொறந்த மறுநாளே ஏறிப் புடுங்கிப் போட்டுருவாரு.”

அவன் சிரித்தான். “முடி வெட்டவே தடை போட்டுருக்கா டீச்சர். பாருங்க, சாமியாராட்டம் திரியிறேன். இன்னும் ரெண்டு மாசம் போனா பேனரு கட்டக் கயிறே வாங்க வேணாம், என் தலையிலேருந்தே எடுத்துக்கலாம்னு கடையில சொல்றாங்க.”

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் ஓர் ஆசிரியை இதைக் கேட்டுக்கொண்டு சும்மா வந்துவிட முடியாதல்லவா? பொறுமையாக எடுத்துச் சொன்னேன். கரு எப்படி வளர்கிறது, மரம் எப்படி வளர்கிறது, இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது என்று வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னேன். “மரத்துக்கு உன் வயிறு தெரியாது, தேன்மொழி” என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

நான் வற்புறுத்தவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டு ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய மாதம் வருகிறது என்பதை மட்டும் நினைவூட்டினேன். சுவர் இந்த நிலையில் இருக்கும்போது எதை நம்பிப் புதுப்பிப்பது என்று கேட்டேன். அது நியாயமான கேள்விதான். ஞாயிற்றுக்கிழமை செய்துவிடுகிறேன் டீச்சர் என்று அவனாகவேதான் சொன்னான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் வீட்டில் இருந்திருக்கலாம். ஒரு வேலையைச் சொல்லிவிட்டு, அது சரியாக நடக்கிறதா என்று பார்க்காமல் இருப்பது என் சுபாவம் இல்லை. குடையை எடுத்துக்கொண்டு வந்தேன். நான் கொல்லைக்குப் போகும்போது அவன் சுவரின்மேல் இருந்தான். இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால். அரிவாளால் கிளைகளைக் கழித்து, தண்டையும் வெட்டிவிட்டான். மரம் அடுத்த வீட்டுக் கொல்லைப் பக்கம் விழுந்தது. அந்தப் பக்கம் இருந்த ஒரு பூனை அலறிக்கொண்டு ஓடியது. “போதும் டீச்சர், மொட்டையடிச்சாச்சு. நான் எறங்குறேன்” என்றான்.

எனக்குத் தெரிந்ததை நான் சொல்லாமல் இருக்க முடியுமா? அரசைத் தண்டோடு வெட்டிவிட்டால் வெட்டிய இடத்திலிருந்து பல கிளையாகத் துளிர்க்கும். அடுத்த ஆண்டே முன்னைவிடப் பருத்துவிடும். வேர் வர வேண்டும், வேர் வராவிட்டால் செய்த வேலை அத்தனையும் வீண் என்றேன். அவன் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கடப்பாரை கேட்டான். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவன் கேட்டான், கொடுத்தேன்.

அந்த வேர் அத்தனை காலம் சுவரைப் பிளந்துகொண்டு மட்டும் இருக்கவில்லை. பிளந்ததைக் கட்டிப் பிடித்துக்கொண்டும் இருந்திருக்கிறது. பழைய காரைச் சுவர்களில் அப்படித்தான் ஆகும். வேரடி மண் அரிக்காமல் இருப்பதைப் பற்றி நானே பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் மும்பைக்காரர்கள் சுவரை எந்த நிலையில் வைத்திருந்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர்கள் பக்கத்துச் சுவரை அவர்கள்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்? இந்தக் கேள்வியை இன்றுவரை ஒருவரும் அவர்களிடம் கேட்கவில்லை. என்னிடம்தான் எல்லாரும் கேட்கிறார்கள்.

சத்தம் பெரிதாக இல்லை. சுவர் இடிந்து விழுந்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் பார்த்தவள், அது இடியவில்லை. நின்றபடியே உட்கார்ந்தது, அவ்வளவுதான். தூலம் அந்தப் பக்கமாகப் புரண்டது. அவனும் அந்தப் பக்கமாகத்தான் போனான். என் பக்கத்து மூடியின்மேல் கொஞ்சம் செங்கல் கிடந்தது. கம்பி ஒன்றுகூட வளையவில்லை.

தேன்மொழி அவனுக்கு மோர் எடுத்துக்கொண்டு வந்தாள். சுவர் இருந்த இடத்தில் வெறும் வானமும் அடுத்த வீட்டுக் கொல்லையும் தெரிந்தன. அந்தக் கொல்லையை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. அதைத்தான் முதலில் பார்த்தாள் என்று நினைக்கிறேன், கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அதற்கு முன்னால் அவள் கணவன் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

தீயணைப்பு வண்டி இந்தச் சந்துக்குள் நுழையவில்லை. குழாயை இழுத்துக்கொண்டு வந்து, தண்ணீரை இறைத்து, கல்லை ஒவ்வொன்றாக எடுத்து, அவனை மேலே கொண்டுவரும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அதுவரை நான் இங்கேயேதான் இருந்தேன். வீட்டுக்குப் போய்விடவில்லை. தேன்மொழியை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்; அவள் வரவில்லை.

உங்கள் முகம் வாடுகிறது. இன்னும் கொஞ்சம்தான். நீங்கள் குடிவர வேண்டிய வீடு என்பதால் இந்தப் பகுதியை அவசியம் கேட்க வேண்டும்.

அவளுடைய அண்ணன் பாலகுரு சாயங்காலம் வந்து சேர்ந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்றும், நேரே ஆக்கூருக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் இந்தக் கூடத்தில் சற்று நேரம் கிடத்தி எடுக்க வேண்டும் என்றும் கேட்டார். “குளிப்பாட்டி, கோடி போத்தி எடுத்துடுறோம் டீச்சர். அவன் வாழ்ந்த வீடு. எந்தங்கச்சி அதத்தான் கேக்குறா.”

நான் கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் சொன்னேன். வாழ்ந்த வீடுதான், ஆனால் வாடகை வீடு. சொந்த வீட்டுக்குள் கொண்டுவருவது வேறு, வாடகை வீட்டுக்குள் கொண்டுவருவது வேறு. இந்த ஊரில் எந்த வீட்டுக்காரரையும் கேட்டுப் பாருங்கள், சம்மதிக்க மாட்டார். எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது கேள்வியே இல்லை, ஊருக்கு இருக்கிறது. ஒரு முறை இந்தக் கூடத்தில் கிடத்திவிட்டால் பிறகு இங்கே யார் பால் காய்ச்சுவார்கள்? இது நான் வாங்கிய முதல் வீடு என்றும் சொன்னேன்.

அவர் என்னையே பார்த்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன், போடவில்லை. “மரத்துக்கு இவ வயிறு தெரியாதுன்னீங்களாமே. வீட்டுக்கு மட்டும் பொணம் தெரியுமா டீச்சர்?” என்றார்.

துக்கத்தில் இருப்பவர்களோடு வாதாடுவது முறையல்ல.

ஆகவே உங்களிடம் நான் உறுதியாகச் சொல்ல முடியும். இந்த வீட்டில் சாவு விழவில்லை. இந்த நிலைப்படியைத் தாண்டி எதுவும் உள்ளே வரவில்லை. கிணற்றில் விழுந்தது, அதிலும் அவர்கள் பாதியில். தெருவில் யார் என்ன சொன்னாலும் இதுதான் உண்மை.

கிணறா? என் பாதியில் மண் கொட்டி மூடிவிடலாம் என்றுதான் பார்த்தேன். கொட்டிய மண் அவர்கள் பாதிக்கும் போய்விடுகிறதே. வேண்டாம், நிறுத்துங்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டார். கொல்லைக் கதவுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன். நீங்கள் அந்தப் பக்கம் போக வேண்டிய தேவையே இல்லை, குழாய்த் தண்ணீர் உள்ளேயே வருகிறது. அவன் விழுந்ததற்கு வழக்கு ஒன்று போட்டிருக்கிறார்கள், என்மேல். மூட நம்பிக்கைக்கு எதிராக இரண்டு வார்த்தை பேசிய பாவத்துக்கு எனக்கு இது. அவன் மரத்தைத் தொட்டதால்தான் அப்படி ஆயிற்று என்று தேன்மொழியின் சொந்தக்காரப் பெண்கள் சொல்லிக்கொள்கிறார்கள். அறிவியல் படித்த ஒருத்தி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டியிருக்கிறது.

மறுநாள் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பாதியில் விடக் கூடாது. பாதிக்கு மேல் நான் நேரில் பார்த்ததல்ல. மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டது.

கோவிந்தராஜு விடிந்ததும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். மும்பைக்குப் பேசிவிட்டாராம். செய்தியைக் கேட்டதும் மூத்தவர் இறங்கி வந்து பேசினாராம், வீட்டை விற்றுவிட்டால் போதும் என்கிறாராம். இப்போது வேண்டாம், காரியம் முடியட்டும், அதற்குப் பிறகு பேசலாம் என்றேன். அந்த அளவுக்கு எனக்கு மனசாட்சி இருக்கிறது.

பாலகுரு ஆஸ்பத்திரி வாசலில் நின்று, கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் போட்டு, வண்டி ஏற்பாடு செய்தார். சந்து முனையில் டீக்கடை வைத்திருக்கும் முபாரக் அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை. பாய்லர் வைக்கும் மேசையைக் கழுவி, வெளியே தெருவோரத்தில் கொண்டுவந்து போட்டார். அதன்மேல்தான் கிடத்திக் குளிப்பாட்டினார்களாம். போகிற வருகிற பேருந்தெல்லாம் நின்று போயிற்றாம். தேன்மொழி பிள்ளையைச் சுமந்த வயிற்றோடு காலையிலிருந்தே அந்த மேசைக்குப் பக்கத்தில், ஒரு கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். வண்டி வரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை என்று சொன்னார்கள்.

என் கணவர் எங்கள் வீட்டுக் குழாயில் குடத்தை நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டு, சட்டைகூடப் போடாமல், கடைத்தெரு வழியாக அவ்வளவு தூரமும் நடந்து போனார். எதற்கு என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலைத் தாண்டிவிட்டார். ஆக்கூருக்கும் கூடவே போயிருக்கிறார். அதற்குப் பிறகு என்னிடம் அவர் பேசுவதும் குறைந்துவிட்டது. வயதாகிறது, காரணம் என்னவென்று தெரியவில்லை.

நான் எட்டரை மணிக்குப் பள்ளிக்கூடம் கிளம்பினேன். பன்னிரண்டாம் வகுப்புக்கு அன்று திருப்புதல் தேர்வு, மாணவிகள் காத்திருப்பார்கள். வழக்கமாக அந்தச் சந்து முனையைத் தாண்டித்தான் போவேன். அங்கே அதற்குள் கூட்டம் சேர்ந்திருந்தது; வண்டி இன்னும் வந்திருக்கவில்லை. நான் ரயிலடித் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். பெரிய தூரமில்லை. மணி அடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டேன்.